ஏதாவது கேளுங்கள்

ஆங்கஸ் எழுந்ததும் முதல் வேலையாகக் கணப்படுப்பின் சாம்பலை அள்ளுவான். தகரக் கரண்டியால் சுரண்டி வாளியில் போடுவான். வாளியைப் பின்வாசலில் வைப்பான். கொஞ்சம் செய்தித்தாள், சுள்ளி, இரண்டு விறகு. தீ பிடித்ததும் ரொட்டியை டோஸ்டரில் போடுவான். அது குதித்து வந்ததும் நின்றுகொண்டே தின்பான். ஒரு தட்டு, ஒரு கத்தி. கழுவிக் கவிழ்ப்பான். கீழே துறைமுகத்தில் கப்பலுக்கு மரக்கட்டை ஏற்றும் சத்தம் விடிவதற்கு முன்பே தொடங்கியிருக்கும். ஜன்னலைத் துடைப்பான். மூட்டம் கண்ணாடியில் இல்லை, வெளியில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் துணியை மடித்து வைப்பான். பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, யாராவது ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பான்.

அன்றும் பார்த்தான். நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

‘உனக்கு என்ன தோணுதோ அதை வரைப்பா. அவசரமே இல்ல.’

‘எதுவானாலும் சரி. ஒரே ஒரு கோடு போட்டு அனுப்பினாலும் சட்டம் போட்டு மாட்டிக்குவேன்.’

‘எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டாப் போதும்.’

எல்லாவற்றையும் படித்தான். ஒவ்வொன்றின் கீழும் ‘நன்றி’ என்று தட்டினான். மூடி வைத்தான்.

ஏற்பாடு எளிமையானது. ஆங்கஸ் மையில் படம் வரைகிறவன். மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்து அவனுக்கு ஆதரவாக இருப்பவர்கள் இன்வர்கார்கிலில் தொடங்கிக் கடல் தாண்டிப் பெர்த் வரைக்கும் சிதறிக் கிடந்தார்கள். மாதம் பிறந்ததும் ஒரு தலைப்பு அறிவிக்கப்படும். அந்தத் தலைப்புக்குள் அடங்குகிற மாதிரி ஆளுக்கொரு வரி எழுதி அனுப்பலாம்: எனக்கு இன்னது வேண்டும். அவன் அதை உள்ளங்கை அகலத் தாளில் வரைந்து, அசலையே உறையில் போட்டு அனுப்பிவைப்பான். தலைப்பை யோசிப்பது, அறிவிப்பை எழுதுவது, கூச்சப்பட்டுச் சும்மா இருப்பவர்களைச் சீண்டிக் கேட்க வைப்பது எல்லாம் அவன் மனைவி நைரியின் வேலை. வரைவது மட்டும் அவன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நைரி சமையலறையில் விழுந்தாள். தலைக்குள் ஏதோ ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். மருத்துவமனையில் இயந்திரத்தை நிறுத்தும்வரை அவள் கண் திறக்கவில்லை.

ஏப்ரலும் மே மாதமும் அவர்களுடைய இணையப் பக்கம் சும்மா கிடந்தது. ஜூன் பிறந்து, அந்தத் தெற்குத் தேசத்தில் குளிர் தொடங்கியதும் அவனே ஓர் அறிவிப்பு எழுதிப் போட்டான். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் அவனுக்கு வரைய வராது. நில அளவை படித்தவன். வாரத்தில் மூன்று நாள் டனீடனில் அளவை அலுவலகத்தில் வேலை. இன்னொருவருடைய நிலம், இன்னொருவருடைய வேலி, அதைத் தாளில் இறக்கிப் பழகிய கை. இஷ்டம்போல வரை என்று வெற்றுத்தாளைக் கொடுத்தால் குறுக்கே ஒரு கோடு போடும். அதன்கீழ் இன்னொரு கோடு. பிறகு நின்றுவிடும். அப்படி நின்றுபோன தாள்களெல்லாம் அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்தை மூடிவிடலாம். மூடினால், வரைகிற நாளான சனிக்கிழமை என்று ஒன்று அவனுக்கு இருக்காது. நைரி தொடங்கிவைத்தவற்றில் இன்னும் மூச்சு இருப்பது இது ஒன்றுக்குத்தான். யாராவது ஒருவர், ஏதாவது ஒன்றை, பெயர் சொல்லிக் கேட்டால் போதும் என்று நினைத்தான்.

நைரியின் அண்ணன் ராவிரி துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். பகல் ஷிஃப்ட் முடிந்தால் ஆரஞ்சுச் சட்டையோடு நேராக மேட்டில் ஏறி வந்துவிடுவான். கதவைத் தட்டும் வழக்கம் அவனுக்கு இல்லை. அன்று கையில் செய்தித்தாளில் சுற்றிய மீன்.

“மச்சான், ஃப்ரீசர்ல இடம் இருக்கா?”

“இல்ல.”

“இன்னும் அந்த லசான்யாவா? துக்கத்துக்கு அதைச் சமைச்சுக் கொண்டுவந்து குடுத்தவங்களே மறந்திருப்பாங்கடா. எடுத்து நாய்க்குப் போடு.”

“நாய் இல்ல.”

“ஒண்ணு வாங்கு. லசான்யா தீர்ந்ததும் திருப்பிக் குடுத்துடலாம்.”

மீனைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான். மேசையில் இருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தான். படிக்கப் படிக்க உதடு பிதுங்கியது.

“என்னடா இது? நாப்பது பேர்ல ஒருத்தனுக்குக்கூட ஒண்ணும் வேணாமா?”

“கேக்க மாட்டேங்கறாங்க.”

“நீ என்னன்னு எழுதின?” அறிவிப்பைத் தேடிப்பிடித்துச் சத்தமாக வாசித்தான். “‘இம்மாதத் தலைப்பு: குளிர்காலம். கோரிக்கைகளை அனுப்பலாம்.’ மச்சான், இது என்ன, செவ்வாக்கிழமை குப்பை வண்டி வராதுன்னு கவுன்சில்ல ஒட்டுற நோட்டீஸா? என் தங்கச்சி எப்படி எழுதுவான்னு பாத்திருக்கியா? திட்டுவா. திட்டினாத்தான் இதுங்க வாயைத் திறக்கும்.”

மார்ச் மாத அறிவிப்பு அதற்கு நேர் கீழே இருந்தது. ராவிரி அதையும் வாசித்தான்.

‘சோம்பேறிகளே! போன மாசம் பதினோரு பேர் பெங்குயின் கேட்டிருந்தீங்க. உங்க மண்டைக்குள்ள வேற உயிரினமே வாழலையா? இந்த மாசத் தலைப்பு: குளியலறையில் இருக்கக் கூடாதவை. வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்காதவங்க பேரைக் குறிச்சுவெச்சு, அவங்க முகத்தோட ஒரு விலாங்கு மீனை வரையச் சொல்லிடுவேன். அவன் நான் சொன்னா வரைவான். யோசிச்சுக்குங்க.’

“பாத்தியா? இந்த மாதிரி எழுது.”

“எனக்கு வராது.”

“திட்ட வராதா? கல்யாணமாகி ஆறு வருஷம் இருந்திருக்க, அவகிட்ட ஒண்ணுமே கத்துக்கலையா நீ? எழுதுடா.”

ஆங்கஸ் எழுதினான். ‘நீங்கள் எல்லாரும் கோழைகள். உங்களில் ஒருவருக்கும் சொந்தமாக ஓர் ஆசை இல்லை. இனி உங்களிடமிருந்து நல்ல வார்த்தை எதுவும் எனக்கு வேண்டாம். கேளுங்கள். இல்லையென்றால் போங்கள்.’

ராவிரி தலையைச் சொறிந்தான். “கொஞ்சம் காரம் ஜாஸ்தியோ. கடைசில ஒரு சிரிக்கிற மூஞ்சி போடு.”

“வேணாம்.”

“அட, சின்னதா ஒண்ணு.”

“அவ போட மாட்டா,” என்று சொல்லி ஆங்கஸ் பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் முற்பகல் கதவு தட்டப்பட்டது. தட்டியது கான்ஸ்டபிள் ஷெல்லி. நைரியோடு ஒரே அணியில் நெட்பால் ஆடியவள். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

“ஆங்கஸ், தப்பா எடுத்துக்காத. பெர்த்துலேர்ந்து ஒரு அம்மா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருக்காங்க. ஒரு பையன் எல்லார்கிட்டயும் விடைபெற்றுக்கிட்ட மாதிரி எழுதியிருக்கான், போய்ப் பாருங்கன்னு அழுறாங்க. உள்ள வரட்டுமா?”

“படம் கேட்டேன்,” என்றான்.

“என்ன?”

“படம் கேக்கச் சொல்லி எழுதினேன். ராவிரிதான் திட்டச் சொன்னான்.”

ஷெல்லி உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். எரியும் அடுப்பு, கழுவிய ஒற்றைத் தட்டு, மேசையில் குறுக்குக் கோடு போட்ட தாள்.

“ராவிரி சொன்னான்னு செஞ்சியா? அவன் பேச்சைக் கேட்டு எவன்டா உருப்பட்டான்? கிளப் பஸ்ஸைக் கொண்டுபோய்க் கடற்கரை மணல்ல இறக்கினவன் அவன்.” நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். “சரி, இந்த வரையுற விஷயம் எனக்கு அவ்வளவா புரியல. யாராவது கேக்கணும், அவ்வளவுதானே? நானே கேக்கறேன்.”

அவன் தாளை நேராக வைத்தான். மைப்புட்டியின் மூடியைத் திறந்தான்.

ஷெல்லி கூரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். மூன்று மாதத்தில் எதற்கும் அவன் அப்படிக் காத்திருந்ததில்லை.

“உனக்கு எது சுலபமோ அது,” என்றாள்.

அவன் மைப்புட்டியை மூடினான்.

திட்டிய அறிவிப்புக்கு அன்று சாயங்காலத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. எல்லாம் அவன் வேண்டாம் என்று சொன்ன நல்ல வார்த்தைகள். தூங்க முடிகிறதா என்று கேட்டார்கள். மனநல உதவிக்கு யாரை அழைக்கலாம் என்று எண்கள் அனுப்பினார்கள். அடியில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது.

‘திட்டினதுக்கு நன்றி. மூணு மாசமா எல்லாரும் சாவு வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்கிற மாதிரியே பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்குக் குளிர்காலம் வேணாம். ஓமருவுல அது ஜன்னலுக்கு வெளிய இலவசமாவே கிடைக்குது. மார்ச் மாசம் நான் குளியல் தொட்டியில ஒரு புல்வெட்டும் மெஷின் கேட்டேன். இன்னும் வந்து சேரல. அதை வரைஞ்சு அனுப்பு. – கிளெனிஸ்.’

ஆங்கஸ் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். ராவிரியைப் போனில் கூப்பிட்டான்.

“வா. ஒருத்தங்க கேட்டிருக்காங்க. படிக்கணும்.”

“உனக்குப் படிக்கத் தெரியாதாடா?”

“வா.”

வரையும்போது அவன் கோரிக்கைகளைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் பார்த்துத்தான் வரைந்தான். நைரிதான் நிறுத்தினாள். “நீ படிச்சா உடனே அளவுநாடாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுற. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நான் சொல்றதைக் காதுல கேளு, கையில போடு. திரும்பக் கூடாது.” சனிக்கிழமை மத்தியானம் அவள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கோரிக்கைகளை வாசிப்பாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் வரைவான். பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது. நேராகத் தூரிகை. ஒன்று முடிந்ததும் “அடுத்தது” என்பான். அவ்வளவுதான் அவர்களுடைய தொழில்.

ராவிரி மேடையில் ஏறியபோது பலகை முனகியது. “இது என்னைத் தாங்குமா?”

“வாசி.”

“‘குளியல் தொட்டியில ஒரு புல்வெட்டும் மெஷின்.’”

ஆங்கஸ் காத்திருந்தான். பின்னாலிருந்து வேறு ஒன்றும் வரவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

“இன்னொரு தடவை.”

“குளியல் தொட்டியில. ஒரு. புல்வெட்டும். மெஷின். மச்சான், நான் கண்டெய்னர் நம்பர் வாசிக்கிற மாதிரிதான் வாசிப்பேன். எனக்குத் தெரிஞ்சது அதான்.”

வரைந்தான். கால் வைத்த பழைய தொட்டி. அதற்குள் ஒரு புல்வெட்டி. இழுக்கும் கயிறு, கைப்பிடியின் வளைவு, எல்லாம் அளவாக வந்தன. நிழல் விழ வேண்டிய பக்கத்தில் விழுந்தது. ராவிரி இறங்கிவந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“அட, சக்கரத்து நட்டுகூடத் தெரியுதுடா!”

அதை உறையில் போட்டு, பின்புறம் தன் பெயர், முகவரி, போன் எண் எழுதி, தபால் பெட்டிக்கு இருவரும் நடந்தே போனார்கள். அன்று அவனுக்குப் பசித்தது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ராவிரியின் மீனைப் பொரித்து, உட்கார்ந்து தின்றான்.

அந்த வாரக் கடைசியில் கிளெனிஸிடமிருந்து செய்தி வந்தது.

‘படம் கிடைச்சுது. நல்ல மெஷின். கயிறு இழுத்தா ஓடும் போல. ஆனா இது உன் படம் மாதிரி இல்லியே. நான் கேட்டதை அப்படியே போட்டிருக்க. எப்பவும் நீ மாத்துவ. நான் கடல்சிங்கம் கேட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டுட்டு டிரைவரோட சண்டை போடுற கடல்சிங்கம் அனுப்பின. ஒரு டீப்பானை கேட்டேன். கூடப் பொறந்த டீப்பானைங்க எல்லாம் கல்யாணமாகிப் போயிட்ட டீப்பானை வந்துது. எங்க வீட்டுக் கக்கூஸ் சுவர் பூரா உன் படம்தான். வர்றவங்க எல்லாம் உள்ள போய் உக்காந்து சிரிக்கிறாங்க. இதை எங்க மாட்டுறதுன்னு தெரியல. குறை சொல்றேன்னு நினைக்காத. கேக்கச் சொன்ன, கேக்கறேன்.’

‘நான் எதையும் மாற்றியதில்லை’ என்று ஆங்கஸ் தட்டினான். அனுப்புவதற்கு முன் நிறுத்தினான்.

பழைய கோரிக்கைகள் பக்கத்திலேயே இருந்தன. நைரி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அவன் அவற்றைத் திறந்து பார்த்ததே இல்லை. அனுப்பிய படங்களின் புகைப்படங்கள் வேறொரு கோப்பில் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தான்.

கிளெனிஸ் எழுதியிருந்தது: ‘ஒரு கடல்சிங்கம்.’

நைரி வாசித்தது அவன் காதில் அப்படியே இருந்தது. “கடல்சிங்கம் ஒண்ணு, பஸ்ஸை விட்டுட்டு, டிரைவர்கிட்ட சண்டைக்கு நிக்குது. டிக்கெட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டுது. ஈரமா இருக்கு, டிக்கெட்டு.” நடுவில் மூச்சு வாங்கவில்லை. குரல் மாறவில்லை. தாளில் இருப்பதை வாசிக்கிறவள் மாதிரியேதான் வாசித்தாள்.

இன்னொன்று: ‘எங்கள் வீட்டுப் பூனை, டிராக்டரில்.’ அவன் வரைந்திருந்தது டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ‘இதுக்கு நான் கேரண்டி தர முடியாது’ என்கிற முகத்தோடு ஸ்பானர் பிடித்திருக்கும் பூனை. இன்னொன்று: ‘ஏதாவது ஒரு பறவை.’ அவன் வரைந்திருந்தது தபால் நிலைய வரிசையில் கடைசியாக நிற்கும் அல்பட்ராஸ், மற்றவர்கள் முதுகில் சிறகு இடிக்காமல் இருக்கச் சிரமப்படுகிறது.

முதல் வருஷம் வரைக்கும் போனான். அவள் வாசித்ததெல்லாம் அப்படித்தான்.

ஒரு தடவை தூரிகையைக் கழுவிக்கொண்டே அவளிடம் சொல்லியிருக்கிறான். “எப்படித்தான் இவங்களுக்கெல்லாம் இப்படித் தோணுதோ. எனக்கு ஒரு ஜென்மத்துக்கும் தோணாது.”

“உலகத்துல அப்படி ஆளுங்க இருக்காங்க,” என்றாள் நைரி. கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஆதரவாளர்கள் அவன்தான் மாற்றுகிறான் என்று நினைத்தார்கள். அவன், அவர்கள்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று நினைத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி மேடையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மடிக்கணினியை மூடினான். அடுப்புக்கு விறகு வைத்தான். அது வேண்டாத அளவுக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

ராவிரியிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் வேறொன்றாக மாறி, ஆரஞ்சுச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“சின்னதுலயே அப்படித்தாண்டா. அம்மா ஞாயித்துக்கிழமை பைபிளைக் குடுத்து வாசிக்கச் சொல்லுவாங்க. நோவா கப்பல்ல ரெண்டு ரெண்டா ஏறிச்சா? ரெண்டு யானை, ரெண்டு ஆடு, ரெண்டு டிராக்டர்னு வாசிப்பா. அம்மா கண்ணை மூடிக்கிட்டு ஆமென்னுவாங்க.” மூக்கை உறிஞ்சினான். “சரி, நான் மாத்தி வாசிக்கறேன். என் ரத்தம்தானே அதுவும். திரும்பி உக்காரு.”

ஆங்கஸ் திரும்பி உட்கார்ந்தான். ராவிரி மேடையில் ஏறினான்.

“குளியல் தொட்டியில ஒரு புல்வெட்டி…” தொண்டையைச் செருமினான். “புல்வெட்டி… தொப்பி போட்டிருக்கு.”

“ஏன்?”

“குளிருது.”

“என்ன தொப்பி?”

“கம்பளித் தொப்பி.”

“எந்த இடத்துல போட்டிருக்கு? புல்வெட்டிக்குத் தலை எது?”

ஆங்கஸ் விதியை மீறித் திரும்பிப் பார்த்தான். ராவிரி இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தான். கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு வரல மச்சான்.”

“பரவால்ல.”

கொஞ்சநேரம் கழித்து ராவிரி இறங்கினான். “வெள்ளிக்கிழமை விடியல்ல மேட்டு உச்சிக்கு வா. எங்க ஜனங்களோட புது வருஷ நட்சத்திரக் கூட்டம் எழும்போது இந்த வருஷம் போனவங்க பேரையெல்லாம் சொல்லுவோம். அம்மாவும் வர்றாங்க. அவ பேரை நீதான் சொல்லணும்.”

போனான். புல்லில் பனி உறைந்திருந்தது. குளிரில் எல்லாரும் ஒட்டி நின்றார்கள். ஒவ்வொருவராக, கடலுக்கு மேலே பொட்டுப் பொட்டாகத் தெரிந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார்கள். அவன் முறை வந்தது. வாயைத் திறந்தான். வெள்ளையாக ஆவி போனது, சத்தம் வரவில்லை. நைரியின் அம்மா அவன் கையைப் பிடித்தார். பிறகு ராவிரிதான் அந்தப் பெயரைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து அறிவிப்பு எழுதினான். இந்தத் தடவை யாரையும் போல எழுதப் பார்க்கவில்லை.

‘உங்கள் கோரிக்கைகளை மாற்றியது நான் இல்லை. எனக்கு வாசித்துக் காட்டும்போது நைரி மாற்றினாள். நீங்கள்தான் அப்படிக் கேட்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு மாற்றத் தெரியாது. சொன்னதை வரையத்தான் தெரியும். அதனால் நீங்களே மாற்றி அனுப்புங்கள். எழுதும் முன் கொஞ்சம் உட்கார்ந்து, அவள் இதை என்ன செய்திருப்பாள் என்று யோசியுங்கள். தலைப்பு மார்ச் மாதத்தில் அவள் வைத்ததுதான்: குளியலறையில் இருக்கக் கூடாதவை. தயவுசெய்து கேளுங்கள்.’

இந்தத் தடவை கேட்டார்கள். அழுதுவிட்டோம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் கேட்டார்கள்.

‘குளியலறையில் ஒரு பெங்குயின்.’

‘குளியலறையில் ஒரு பெங்குயின், ஷாம்பு போட்டுக்கொள்கிறது.’

‘நைரிக்காக: குளியலறையில் ஒரு பெங்குயின், தொப்பியோடு.’

சனிக்கிழமை பெங்குயின்களாக வரைந்தான். ராவிரி வாசித்தான். அலகு, சிறகு, ஷவர் குழாய். ஒன்றுக்குத் தொப்பி. எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொன்றையும் உறையில் போட்டு ஒட்டினான். “அடுத்தது” என்றான். “பெங்குயின்” என்றான் ராவிரி, மன்னிப்புக் கேட்கிறவன் போல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

“ஆங்கஸா? கிளெனிஸ் பேசறேன். ஓமரு. புல்வெட்டி.”

“சொல்லுங்க.”

“உறைக்குப் பின்னாடி நம்பர் இருந்துது. எழுதுறதைவிடப் பேசுறது எனக்குச் சுலபம். நீ போட்டதைப் படிச்சேன்பா. நீ சொன்ன மாதிரியே உக்காந்து யோசிச்சேன். ரெண்டு நாளா யோசிச்சேன். தொட்டி, புல்வெட்டி, சோப்பு, நுரை. அதுக்கு மேல மண்டையில ஒண்ணும் ஓடல. காலமெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். போன ரோட்டுலயே திரும்பி வரத்தான் தெரியும்.”

“பரவால்ல.”

“பரவால்லன்னு எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி என்கிட்ட சொல்லாத. எனக்கு ஒண்ணு தெரியணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்தப் புல்வெட்டியை நான் மார்ச்சுல வெள்ளிக்கிழமை அனுப்பினேன். விலாங்கு மீனுக்குப் பயந்துக்கிட்டு, கடைசி நேரத்துல. சனிக்கிழமை நீங்க உக்காந்தப்ப அதை அவ வாசிச்சாளா?”

அவன் ஜன்னலுக்குப் போனான். கீழே ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“வாசிச்சா,” என்றான்.

“அப்ப அதை என்ன பண்ணினா? என் புல்வெட்டியை?”

அந்த நாளைப் பற்றி அவனிடம் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். வலித்ததா என்று. முன்னாலேயே தலைவலி இருந்ததா என்று. ஏதாவது சொன்னாளா என்று அவள் அம்மா கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றான். சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அன்று இரண்டு கோரிக்கை முடிந்து, மூன்றாவதற்குத் தூரிகையில் மை தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். மை உலரத் தொடங்கியது. பின்னால் சத்தம் இல்லை. அவன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்பது விதி.

“இருக்கியாப்பா?” என்றாள் கிளெனிஸ்.

“இருக்கேன். அவ அதை மாத்தல. மாத்தறதுக்குள்ள…”

“சரி.” எதிர்முனையில் நாற்காலி நகர்ந்தது. “சரிப்பா. ஆனா ஒண்ணுமே சொல்லலியா, அதைப் பாத்துட்டு?”

“சொன்னா.”

“என்ன சொன்னா? கூட்டாத, குறைக்காத. நீதான் இருக்கறதை அப்படியே போடுற ஆளாச்சே. எனக்கு அப்படியே வேணும்.”

ஒருவர் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார். அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டான். அவள் கடைசியாகச் சொன்னது வெறும் பேச்சு என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். வாசிக்கிறவளுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அவனுக்குப் புரியவும் இல்லை.

“சிரிச்சா,” என்றான். “‘கிளெனிஸ் தொட்டியில புல்வெட்டி கேக்கறா’ன்னா. அப்புறம் கொஞ்சநேரம் ஒண்ணும் சொல்லல. நான் ‘அடுத்தது’ன்னேன்.”

“ம்.”

“‘இரு, யோசிக்கிறேன்’னா.”